பதினைந்தாவது மிதி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரையும் கையைப் பிடித்து இழுத்து நம்பவைக்க எனக்குத் தெம்பில்லை. என்னிடம் ஒரு கிராஃப் தாள் இருக்கிறது. என் கையெழுத்தில், நேரம் குறித்த பதினைந்து வரிகள் இருக்கின்றன. அவற்றை எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடந்ததில்லை. நாய் ஊளையிடவில்லை. விளக்கு அணையவில்லை. ஒரு புதன்கிழமை, சாயங்காலம் 4.10 முதல் 5.07 வரை நடந்தது. நல்ல வெளிச்சம். மலைச்சரிவில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. பயப்பட இருட்டு வேண்டும் என்று அதுவரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும்.

என் அக்காவின் கணவர், என் அத்தான், பழைய சொகுசுக் கார்களுக்கு பிரேக் டிரம் வடிவமைப்பவர். எண்பது, தொண்ணூறு வயதான கார்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீட்டின் கனம். ஓடுவதில் குறையே சொல்ல முடியாது. நிற்பதில்தான் தகராறு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தொட்டிதான் டிரம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ இருக்கும். பெடலை மிதித்தால் எண்ணெயின் அழுத்தத்தில் ஷூ விரிந்து டிரம்மின் உட்புறத்தைப் பிடிக்கும். வண்டி நிற்கும். ஆனால் மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகிப் பெருத்துவிடும். ஷூவுக்கு எட்டாது. பெடல் தரைவரை போகும். வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அத்தான் அதற்காகப் புதிய டிரம் ஒன்று செய்திருந்தார். சூடு இறங்குவதற்காக வெளிப்புறம் முழுக்க மடிப்பு மடிப்பாகச் சிறகுகள். வாய் விரியாமலிருக்கக் கனமான விளிம்பு. ஆனால் இரும்பு மட்டும் பழசாக இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். புது இரும்பு கீச்சென்று கத்துமாம், பழைய இரும்பு வாயை மூடிக்கொண்டு வேலை செய்யுமாம். அதனால் பவுண்டரிக்காரரிடம் சொல்லி, எங்கேயோ கிடந்த பழைய டிரம்களை உருக்கி ஊற்றி வாங்கியிருந்தார்.

சோதனையில் ஓட்டுவது அக்கா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எழுதுவது நான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் என் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். இப்போது நான் எழுதுகிற தாளிலும் அவள் கையெழுத்து விழும். ஓட்டியவர், எழுதியவர், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் டிரம் தேறியதாகக் கணக்கு.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. ஓட்டுபவர் தன் இஷ்டத்துக்கு பிரேக் மிதிக்கக் கூடாது. எழுதுபவர் முதலில் "தயார்" என்பார். பாதையோரம் அடையாளத்துக்கு வைத்த ஆரஞ்சுக் கூம்பை வண்டி தாண்டுகிற அதே நொடியில் "மிதி" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு வர வேண்டும். ஓட்டுபவர் பயந்து முன்னாலேயே மிதித்துவிட்டால் நின்ற தூரத்தின் கணக்கு கெட்டுவிடும்.

அக்கா இதில் கல். "எதிர்ல சுவரே வந்தாலும் நீ சொல்லாம மிதிக்க மாட்டேன்டி. சுவர்கிட்ட நீயே பேசிக்கோ" என்பாள்.

அந்த முறை வந்திருந்த காருக்கு நாங்கள் வைத்த பெயர் பெரியம்மா. கனத்த உடம்பு, மெதுவாகத்தான் எழுந்திருப்பாள், எழுந்துவிட்டால் யாரும் எதிரே நிற்க முடியாது. ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவருடையது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியும் பழைய கார்களின் மலைப் பயணத்துக்கு அதில் போவதாக இருந்தார்கள். அதற்குள் நான்கு சக்கரத்துக்கும் புது டிரம் தேற வேண்டும்.

சந்தேகம் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டது.

அன்று காலை 11.20. பட்டறையின் பின்னறை. ஜன்னல் இல்லாத அறை அது. நடுவில் சோதனை எந்திரம், அதில் ஒரே ஒரு டிரம். மோட்டார் அதைச் சுற்றவிடும். நான் "மிதி" என்றதும் அத்தான் பொத்தானை அழுத்துவார். ஒரு தண்டு வந்து பெடலைத் தள்ளும். பக்கத்தில் ஓடுகிற தாளில் இரண்டு பேனாக்கள் கோடு போடும். நீலப் பேனா, பெடலில் விழுகிற பலம். சிவப்புப் பேனா, எண்ணெயின் அழுத்தம். முதலில் நீலம் ஏறும், பின்னாலேயே சிவப்பு ஏறும். எப்போதும் அப்படித்தான். பெடலை மிதிக்காமல் எண்ணெய்க்கு அழுத்தம் எங்கிருந்து வரும்?

அன்று சிவப்பு முந்தியது.

அரை நொடிகூட இருக்காது. ஆனால் பதினைந்தில் ஏழு முறை முந்தியது.

"அத்தான், சிவப்பு முன்னாடி ஏறுது."

"பேனா லூசா இருக்கும்."

"இப்பதான் முடுக்கினேன்."

"அப்ப தாள் நகர்ந்திருக்கும்."

"தாள் நகர்ந்தா ரெண்டு கோடும்தானே நகரணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீ 'மிதி'ன்னு சொன்ன நேரத்தை அப்பவே எழுதினியா, இல்ல அப்புறமா எழுதினியா?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பதில் தெரியாதவர் கேட்கிற தொனி அதில் இல்லை. திருட்டைக் கண்டுபிடித்தவர் கேட்கிற தொனி.

சரி, இவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். டிரம் சரியாகப் பிடிக்கவில்லை. ஞாயிறுக்குள் தேற்ற வேண்டும். அதனால் எண்ணெய்க் குழாயில் எங்கேயோ ரகசியமாக ஒரு உதவிக் கருவியை மாட்டியிருக்கிறார். அதுதான் முன்னாலேயே அழுத்தம் கொடுக்கிறது.

12.05. அத்தான் வெளியே போயிருந்தார். எந்திரத்தை அணைத்தாயிற்று. டிரம் ஆறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் அறையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

டிக்…

திரும்பிப் பார்த்தேன்.

டிக்…

சிவப்புப் பேனா இரண்டு முறை லேசாகத் துள்ளி அடங்கியது. யாரோ பெடலில் கால் வைத்து, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த மாதிரி. சூடு இறங்கும்போது எண்ணெய் அசையும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்விட்டேன்.

அன்று மாலையே அக்காவிடம் சொன்னேன். "இந்த டிரம்மை வெச்சுக்கிட்டு நீ மலை இறங்காதே. அத்தான் எதையோ மறைக்கறார்."

அக்கா சிரித்தாள். "அவரும் இதையேதான் சொன்னார்."

"என்னன்னு?"

"உன் தங்கச்சி கணக்குல ஏதோ பண்றான்னு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திருடன் மாதிரி பாத்துக்கிட்டா, நடுவுல நான் யாரு, போலீசா?"

"விளையாடாதேக்கா. இந்த டிரம் ஒரு நாள் உன்னைக் கொல்லப் போகுது."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வார்த்தையையே பின்னால் அவள் எனக்கு எதிராகத் திருப்பினாள்.

புதன்கிழமை மலைக்குப் போனோம். எப்போதோ மூடிவிட்ட கல் குவாரிக்குப் போகிற பாதை அது. ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். மேலேயும் கீழேயும் தடுப்புப் போட்டு, எங்களுக்கென்றே விட்டிருந்தார்கள். வழி நெடுக பதினைந்து கூம்புகள். கடைசிக் கூம்பு, கொண்டை ஊசி வளைவுக்கு அறுபது மீட்டர் முன்னால். வளைவைத் தாண்டினால் ஒன்றுமில்லை. குவாரிப் பள்ளம்தான்.

அத்தான் அடிவாரத்தில் நின்றார். காரில் நானும் அக்காவும் மட்டும். என் முழங்காலருகே பேனாக்கள் இரண்டும் தயாராக இருந்தன. அக்காவின் பெடலில் பலம் அளக்கிற தகடு. அங்கிருந்து வருவது நீலம்.

4.10. கிளம்பினோம்.

"தயார்."

"ம்."

"மிதி."

பெரியம்மா அப்படியே உட்கார்ந்தாள். அருமையான பிடி. முதல் நிறுத்தம் இருபத்தொரு மீட்டர். இரண்டாவதும் அப்படியே. மூன்று, நான்கு… தூரம் ஒரு சாண்கூடக் கூடவில்லை. சூடான இரும்பின் வாசனை வந்தது, ஆனால் பெடல் இளகவில்லை.

"உன் அத்தானைத் திட்டினியே, பாரு. வெண்ணெய் மாதிரி நிக்குது" என்றாள் அக்கா.

நீலம் முதலில், சிவப்பு பின்னால். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வீணாக அந்த மனிதரைச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று நினைத்தேன்.

4.33. ஆறாவது கூம்பு.

"ஏன்டி இவ்வளவு மெதுவா பேசறே? தொண்டை கட்டிக்கிச்சா?"

"எப்பவும் போலத்தானே பேசறேன்?"

அக்கா தோளைக் குலுக்கினாள்.

4.44. ஒன்பதாவது. நின்ற தூரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன முணுமுணுக்கறே?" என்றாள்.

"நான் எதுவும் சொல்லலையே."

"சொன்னே. 'கொஞ்சம் போகட்டும்'னு ஏதோ சொன்னே."

"இல்லக்கா."

கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வெளிக்காற்றின் சத்தம் நின்றது. உள்ளே எஞ்சினின் உறுமலும் கடிகாரத்தின் டிக் டிக்கும் மட்டும்.

4.52. பதினோராவது கூம்பு இன்னும் முப்பது மீட்டர் தூரத்தில் இருந்தது. நான் "தயார்" மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

கார் தடுமாறி மெதுவானது.

"ஏன் மிதிச்சே?"

"நீ சொல்லாம நான் எப்படிடி மிதிப்பேன்?"

குனிந்து பார்த்தேன். அக்காவின் வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. தாளைப் பார்த்தேன். நீலம் படுத்துக் கிடந்தது. சிவப்பு மட்டும் மேடு மாதிரி ஏறி இறங்கியிருந்தது.

அத்தானின் கருவி என்றுதான் அப்போதும் நினைத்தேன். வாக்கி-டாக்கியை எடுத்தேன். "அத்தான், வண்டியில என்ன மாட்டியிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க."

கரகரப்பு. பிறகு அவர் குரல். "நீ என்ன எழுதறேன்னு நீ முதல்ல உண்மையைச் சொல்லு."

அக்கா வாக்கி-டாக்கியை என் கையிலிருந்து பிடுங்கி, பின்சீட்டில் எறிந்தாள். "ரெண்டு பேரும் கீழ போய் அடிச்சுக்கோங்க. என்னை ஓட்ட விடுங்க."

4.59. பதின்மூன்று. கூம்பைத் தாண்டினோம்.

"மிதி!"

மிதிக்கவில்லை. ஒன்று… இரண்டு… இரண்டு நொடி கழித்துத்தான் மிதித்தாள். வண்டி எங்கேயோ போய் நின்றது.

"ஏன்க்கா லேட்டு?"

"நீதானே 'இரு'ன்னே?"

"நானா?"

"பின்ன யாரு? 'இன்னும் வேண்டாம்'னு காதுகிட்ட வந்து சொன்னே."

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. கோபமாக இருந்தாள். என் மேல்.

ஒரு நொடி, அக்காவையே சந்தேகப்பட்டேன். புருஷனுக்காக நாடகம் ஆடுகிறாளா? கணக்கு கெட்டது என்னால்தான் என்று காட்டப் போகிறார்களா, இரண்டு பேரும் சேர்ந்து?

"இத்தோட போதும். நிறுத்திடலாம்" என்றேன்.

"இன்னும் ரெண்டுதான். பாதியில விட்டா எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும்."

5.03. பதினான்கு. சரியாக நின்றது. நீலம், பிறகு சிவப்பு. இருபத்திரண்டு மீட்டர்.

நிம்மதியாக மூச்சு விட்டேன்.

5.06. கடைசி இறக்கம். செங்குத்து. வேகம் அறுபது. தூரத்தில் ஆரஞ்சுக் கூம்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் வளைவு. அதற்குப் பின்னால் வெறும் ஆகாயம்.

"தயார்."

அக்கா தலையசைத்தாள்.

கூம்பு நெருங்கியது…

தாண்டியது.

"மிதி!"

கால் அசையவில்லை.

"அக்கா, மிதி!"

"சரி" என்றாள் அக்கா. மெதுவாக. என்னிடம் இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ காதில் சொல்வதைக் கேட்பவள் மாதிரி இருந்தாள்.

"சரி… சரி…"

"அக்கா!"

வளைவு வந்துவிட்டது.

அவள் கால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தியது.

நாற்பது மீட்டர்.

முப்பது.

கத்தினேன். என் வலது காலால் எதிரே இருந்த தரையை ஓங்கி மிதித்தேன். அங்கே பெடல் கிடையாது. வெறும் பலகை. பயத்தில் மிதித்தேன்…

பிரேக் பிடித்தது.

நான்கு சக்கரமும். ஒரே நேரத்தில்.

ராட்சசப் பிடி.

நெற்றி போய் முன்னால் மோதியது. கற்கள் தெறித்தன. கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போனது…

நின்றது.

5.07.

கதவைத் திறந்து விழுந்தடித்து இறங்கினேன். முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் என் கைப்பை அளவுதான் மண் இருந்தது. அந்தப் பக்கம் அக்காவும் இறங்கினாள். இருபதடி தள்ளிப் பாறையோரமாக ஓடினோம். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

என் கன்னத்தில் அறைந்தாள்.

"கொல்லப் பாத்தியாடி? சொந்த அக்காவை?"

"நான் என்னக்கா செஞ்சேன்?"

"'மிதிக்காதீங்க, வளைவு வரட்டும், இன்னும் கொஞ்சம்'னு சொல்லிக்கிட்டே இருந்தே! உன் குரல் எனக்குத் தெரியாதா? தொட்டில்லேருந்து கேக்கற குரலு!"

"அக்கா, நான் சொல்லலை… நான் 'மிதி'ன்னுதான் கத்தினேன்… சத்தியமா நான் சொல்லலைக்கா…"

அவள் கேட்கவில்லை. என் அழுகையைக்கூடப் பார்க்காமல் திரும்பி நின்றாள். என் வாழ்க்கையில் அவள் எனக்கு முதுகைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

அத்தான் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தபோது மணி 5.31. தாளைப் பார்த்தார். பதினைந்தாவது இடத்தில் நீலக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போயிருந்தது. பெடலை எந்தக் காலும் தொடவில்லை. சிவப்பு உச்சி வரை ஏறி, தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிருந்தது.

வியாழக்கிழமை முழுவதும் அவர் பெரியம்மாவைப் பிரித்துப் போட்டார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். குழாய் குழாயாக, திருகு திருகாகக் கழற்றினார். கருவி எதுவும் இல்லை. ஓட்டை இல்லை. காற்றுக் குமிழி இல்லை.

"எண்ணெய்க்கு அழுத்தம் போக ஒரே வழிதான் இருக்கு. பெடல்" என்றார். "பெடலை யாரும் மிதிக்கலை."

ஆனால் அவர் பார்வை இன்னும் என் மேல்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை 10.30க்கு, யாரிடமும் சொல்லாமல் பவுண்டரிக்குப் போனேன். இரும்பில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். பவுண்டரிக்காரர் வாய் நிறையச் சிரிப்பவர். அன்றும் சிரித்தார்.

"என்னம்மா, இரும்புக்குப் பூர்வீகம் கேட்டு வந்திருக்கே? பொண்ணா பாக்கப் போறீங்க?"

"எந்த வண்டியோட டிரம்மை உருக்கினீங்கன்னு தெரிஞ்சா போதும்."

"பழைய கடையில எடுத்தது. நாலு டிரம், ஒரே வண்டியோடது. உங்க அத்தான் கேட்ட மாதிரியே பழைய இரும்பு. ஆனா உள்பக்கம் பாத்தா ஆச்சரியம். ஒரு கீறல் இல்ல. ஷூ பட்ட அடையாளமே இல்ல."

"அதெப்படி?"

அவர் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "அந்தக் காலத்துல, மலை மேல வெச்சே புதுசா மாட்டி, அன்னிக்குத்தான் வண்டியை எடுத்தாங்களாம். புருஷன் பொண்டாட்டி. மலை இறக்கம். வளைவுல திரும்பாம நேரா போயிட்டாங்க. ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"பிரேக் பிடிக்கலையா?"

"பிரேக் போயிருந்தா மனசு ஆறிடுமேம்மா. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. யாரும் மிதிக்கலை. மேலேருந்து அந்த வளைவு வரைக்கும், ஒரு தடவைகூட."

"யார் ஓட்டினது?"

"அவர்தான். அந்தம்மா பக்கத்துல."

"ஏன் மிதிக்கலை?"

"அதைக் கேக்கத்தான் ஆள் இல்லியே."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லப் போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே சொன்னாள். "பழியை இரும்பு மேல போடாதே. டிரம் நல்லா இருக்கு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீயும் போடு. ஞாயித்துக்கிழமை காலையில வண்டியை நானே டாக்டர் வீட்டுல கொண்டுபோய் விடறேன்."

நான் போடவில்லை. இரவு முழுக்கத் தூக்கமில்லை. டாக்டரும் அவர் மனைவியும் அந்தச் சீட்டுகளில் உட்கார்ந்து மலை இறங்குவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் அக்கா, தனியாக…

சனிக்கிழமை நண்பகல் 12.40. அத்தான் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேசை நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பொருள். குரல் பதிவு செய்கிற கருவி.

"புதன்கிழமை உனக்குத் தெரியாம சீட்டுக்கு அடியில ஒட்டி வெச்சேன்" என்றார் அத்தான். "நீ சொல்ற நேரமும் எழுதற நேரமும் வேற வேறன்னு சந்தேகம். அதுக்காக வெச்சது. கேட்டுட்டு நீயே சொல்லு."

ஓடவிட்டார்.

எஞ்சின் உறுமல். என் குரல், "தயார்." பிறகு என் குரலே. மெதுவாக. கெஞ்சலாக.

"இன்னும் வேண்டாம்… மிதிக்காதீங்க… வளைவு வரட்டும்…"

"இது யார் குரல்?" என்று கேட்டாள் அக்கா. அவள் கண் நிறைந்திருந்தது. "இல்லைன்னு சொல்லுடி. நான் நம்பறேன். இல்லைன்னு சொல்லு."

எப்படிச் சொல்வேன்? என் குரல். என் மூச்சு. நான் வார்த்தையை இழுக்கிற விதம்கூட அப்படியே. என்னையே நான் சந்தேகப்பட்ட நேரம் அது. எனக்குத் தெரியாமல் என் வாய் பேசியதா?

"சரி… சரி…" அக்கா.

"மிதி! அக்கா!" நான்.

சக்கரங்கள் தேய்கிற அலறல். கற்கள்.

அமைதி.

அத்தான் கையை நீட்டினார். "இதுக்கு மேல நான் கேக்கலை. அவ்வளவுதான்."

"இருக்கட்டும். ஓடட்டும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

கதவு திறக்கிற சத்தம். இன்னொரு கதவு. ஓடுகிற காலடிகள், தூரத்தில், இன்னும் தூரத்தில். கன்னத்தில் அறை விழுகிற சத்தம். அக்கா கத்துவது மெலிதாகக் கேட்டது. நான் அழுவது கேட்டது.

"அக்கா, நான் சொல்லலை…"

இருபதடிக்கு அப்பால் நான் அழுதுகொண்டிருக்கிறேன்.

அப்போது சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கருவிக்கு மிக அருகில். காலியான காருக்குள்.

பெருமூச்சு ஒன்று.

பிறகு குரல். என் குரல். சாவகாசமாக. வீட்டு மனிதரிடம் குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி.

"இந்தத் தடவை மிதிச்சுட்டீங்களே…"

அக்காவின் கை மேசைக்கு அடியில் வந்து என் கையைத் தேடிப் பிடித்தது. பனிக்கட்டி மாதிரி இருந்தது.

பெரியம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகவில்லை. டிரம்களைக் கழற்றிவிட்டோம்.

பதிவு இன்னும் பதினோரு நிமிடம் இருக்கிறது. இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அத்தான் அந்த இடத்திலேயே பாய்ந்து அணைத்துவிட்டார். ஆனால் அரை நொடி தாமதமாகத்தான் அணைத்தார். அந்த அரை நொடியில், ஓட்டுபவர் சீட்டுப் பக்கமிருந்து, பதில் சொல்வதற்காக யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது.

அது ஆண் மூச்சு.